காசு கொடுத்துவிட்டால் மரியாதை வேண்டாமா?

"இப்பல்லாம் யாருக்கும் மரியாதையே தெரியல" என்று சொல்பவர்களைப் பார்த்தால், சென்னையில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மாநகரப் பேருந்தில் ஏறிப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றும். கண்டக்டர் பின்பக்கம் தன் சீட்டில் இருப்பார், எழுந்து வர வழியிருக்காது. முன்னால் சிக்கியவர் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டி, "சென்ட்ரல் ஒண்ணு, கொஞ்சம் பாஸ் பண்ணுங்க" என்பார். அந்தத் தாள் ஏழெட்டுக் கை மாறிப் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். நடுவில் ஒரு ரூபாய் குறைந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். யார் பெற்ற பிள்ளையோ யார் மடியிலோ தூங்கிக்கொண்டு வரும்.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நெரிசலிலும் வண்டிகள் எப்படியாவது ஒதுங்குகின்றன. வழிவிடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒதுங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்ற நினைப்பில் ஒதுங்குகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டதும் இதே ஊர்தான்.

அதனால் மரியாதை செத்துவிட்டது என்ற புலம்பலை நான் ஏற்பதில்லை. "அந்தக் காலத்தில் எல்லாரும் எவ்வளவு பணிவாக இருந்தார்கள்" என்பதையும் ஏற்பதில்லை. யாருக்கு யார் பணிவு? பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பையன், அறுபது வயது விவசாயக் கூலியை "டேய்" என்று கூப்பிட்ட காலமும் அதுதானே. டீக்கடையில் சாதிக்கொரு டம்ளர் வைத்த ஊர்களில் எந்த மரியாதையைத் தேடுவது? பிறப்பைப் பார்த்து அளந்து கொடுத்தார்கள். இன்றைக்கு அதோடு காசும் சேர்ந்துகொண்டது. பேருந்து நெரிசலில் பக்கத்தில் நிற்பவர் யார், என்ன வேலை, என்ன சம்பளம் என்று தெரியாது. அதனால்தான் அங்கே மரியாதை தானாக வருகிறது என்று நினைக்கிறேன்.

வீட்டு வாசலுக்கு வாருங்கள். மே மாத வெயிலில் மூன்று மாடி ஏறி சாப்பாடு கொண்டு வரும் பையனிடம், கதவை அரையடி திறந்து, போனில் பேசிக்கொண்டே பையைப் பிடுங்கிக்கொள்கிறோம். முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் வண்டியிலேயே பொழுதைக் கழிப்பவன். தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் எங்கே போவான்? 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இவர்களுக்காக ஏசி ஓய்வறை திறந்தது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்க மாநகராட்சி வரவேண்டியதில்லை. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பு தொங்குகிறது: டெலிவரி ஆட்களும் வீட்டு வேலைக்கு வருபவர்களும் இதைப் பயன்படுத்தக் கூடாது. நாம் சாப்பிடப் போகும் சோறு அந்த லிஃப்டில் வரலாம், அதைத் தூக்கி வருபவர் வரக் கூடாது!

ஜவுளிக்கடையைப் பாருங்கள். நாற்பது புடவையைப் பிரித்துக் காட்டச் சொல்லி, எதையும் எடுக்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போகிறோம். எடுக்காதது நம் உரிமை. அந்தப் பெண் நாற்பதையும் மடித்து அடுக்க வேண்டும், அதுவும் நின்றுகொண்டே. கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் கொண்டுவந்தது, தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்தது. உட்காருவதற்கே சட்டம் போட வேண்டிய நிலை. சட்டம் வந்த பிறகும் முதலாளி முகத்தையும் வாடிக்கையாளர் முகத்தையும் பார்த்துப் பயந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் கசப்பு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. அன்றிலிருந்து "ஓசி டிக்கெட்" என்ற பேச்சு எத்தனை காதுகளில் விழுந்திருக்கிறது! பூக்கூடையோடு நிற்கும் அம்மாவைப் பார்த்ததும், ஓடி வந்து ஏறட்டும் என்று வண்டியை நிறுத்தம் தாண்டி ஓட்டிப்போய் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் எடுத்தால் அம்மா, எடுக்காவிட்டால் ஓசி என்றால், இத்தனை நாள் நாம் மரியாதை கொடுத்தது ஆளுக்கா, ஐந்து ரூபாய்க்கா?

அதற்காக எல்லாக் கண்டக்டர்களையும் குறை சொல்லவில்லை. "பாத்து ஏறும்மா" என்று கை கொடுப்பவர்கள் நிறைய. அவர்களிடம் நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதும் இருக்கிறதே. சில்லறைக்காக ஒரு கண்டக்டரிடம் கத்தும் குரலில் மேலதிகாரியிடம் பேசுவோமா?

நன்றி சொல்லிக்கொண்டே இருப்பது நம் பழக்கம் இல்லை, அது எனக்குப் பெரிய குறையாகவும் படவில்லை. "சாப்பிட்டீங்களா", "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க" என்பதுதான் நம் வழக்கம். அதையே வாசலில் நிற்பவரிடமும் கேட்கலாம். முக்கியமாக, வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் ஐம்பது வயது அம்மாவை எட்டு வயதுப் பிள்ளை "வா, போ" என்று பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். நாம் பேசுவதைக் கேட்டுத்தான் அது பேசுகிறது.

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் அறிவிப்பைக் கழற்றச் சொல்லிச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கீழே காவலாளி பக்கத்தில் ஒரு பெஞ்சும் மண்பானையும் வைக்கவும் கேட்டிருக்கிறேன். உங்கள் குடியிருப்பிலும் அப்படி ஓர் அறிவிப்பு இருந்தால், அடுத்த கூட்டத்தில் நீங்களும் கேளுங்கள்.