மூன்று பாடமில்லை ஐயா, ஒன்றுதான்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மாணவர்களின் காட்சிப்பலகைப் போட்டியில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேருக்கு அன்றிரவே வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே எந்தப் பள்ளி, எந்த நடுவர் என்று நான் மறுபடியும் எழுதப் போவதில்லை. எழுதினால் மலேசியாவின் இந்தச் சுங்கை சிப்புட்டில் இனி எனக்கு யாரும் கல்யாணப் பத்திரிகை வைக்கமாட்டார்கள். என்னை இரண்டு இரவுகள் தூங்கவிடாமல் செய்தது ஒரு மாணவிக்கு மதிப்பெண் குறைத்த அந்தத் தாளின் அடியில் எழுதப்பட்டிருந்த குறிப்பு மட்டுமே: "தலைப்பு தெளிவாக இல்லை. இது இயற்பியலா, வேதியியலா, புகைப்படக் கலையா என்று மாணவி முதலில் முடிவு செய்ய வேண்டும்."

ஐந்தாம் ஆண்டில் படிக்கும் பெண் அவள். என் அக்காளின் பேத்தி. ஆகவே எனக்குப் பாசம் கண்ணை மறைக்கிறது என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள், மறைக்கத்தான் செய்கிறது. ஆனால் அவள் பலகையில் ஒட்டியிருந்தவை மூன்று தனித்தனிப் பொருள்கள் அல்ல. இடப்பக்கம் செத்துப்போன கணிப்பானின் திரையிலிருந்து உரித்த தகடு, நடுவில் என் கடையின் பழைய போலராய்டு கேமரா, வலப்பக்கம் அந்தக் கேமராப் படத்துக்குள் இருக்கும் மருந்துப் பையின் வரைபடம். மேலே எட்வின் லேண்ட் என்ற ஒரே ஒரு பெயர். 1909-இல் பிறந்து 1991-இல் மறைந்த, போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கிய அந்த அமெரிக்கரின் பெயரில் 500-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருக்கின்றன. 535 என்பது பெரும்பாலும் சொல்லப்படும் கணக்கு. அவற்றை ஒளியியல், படக்கலை, வேதியியல் என்று மூன்று பெட்டிகளில் போட்டுப் பூட்ட வேண்டுமென்றால், பாவம், பெட்டி செய்கிறவருக்கே தலை சுற்றிவிடும். அவர் செய்தது ஒரே வேலை. அதைத்தான் அந்தப் பிள்ளை காட்டினாள்.

அந்த ஒரே வேலை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். குவினைனில் தொடங்குகிறது. நம் பாட்டிமார் முகத்தைச் சுளித்துக்கொண்டு 'கொயினா' என்று சொல்வார்களே, தோட்டத்தில் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், வரிசையாக நிற்கவைத்து வாயில் ஊற்றிய கசப்பு மருந்து, அதேதான். 1852-இல் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் வில்லியம் ஹெராபாத்தின் மாணவர் ஒருவர், குவினைன் கொடுக்கப்பட்ட நாயின் சிறுநீரில் அயோடினை விட்டபோது பச்சை நிறத்தில் படிகங்கள் தோன்றின. இரண்டு படிகங்கள் குறுக்காகப் படிந்த இடம் கறுத்திருப்பதை ஹெராபாத் நுண்ணோக்கியில் கண்டார். ஒளி பல திசைகளில் அதிர்ந்துகொண்டு வருகிறது. இந்தப் படிகம் ஒரு திசை அதிர்வை மட்டும் வழிவிட்டு மற்றதை விழுங்கிவிடுகிறது. இதைத்தான் தளவிளைவு என்கிறார்கள். நாயின் சிறுநீர், மலேரியா மருந்து, அயோடின், ஒளி: இதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று நடுவர் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

அந்தப் படிகம் தொட்டால் நொறுங்கும். பெரிதாக வளர்க்க முயன்றவர்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். ஹார்வர்டில் படிப்பை முடிக்காமல் வெளியேறிய லேண்ட் தலைகீழாக யோசித்தார். பெரிதாக வளர்ப்பதை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகப் பொடித்து, அத்தனை ஊசிகளையும் ஒரே திசையில் படுக்கவைத்துத் தகடாக்கினார். 1929-இல் விண்ணப்பித்த அந்தக் காப்புரிமை 1933-இல் கிடைத்தது. 1938-இல் படிகமே வேண்டாம் என்ற நிலைக்கு வந்தார்: பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி நீளவாக்கில் இழுத்து, அயோடினில் தோய்த்தால் போதும். இழுத்த திசையில் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும். அயோடின் அவற்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்றைய பெரும்பாலான திரைகளில் இருக்கும் தகடு அதன் வழிவந்ததுதான். அந்தக் குறிப்பை எழுதிய கையிலேயே ஒரு கைப்பேசி இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

நகரவும் முடியவில்லை, ஏனென்றால் இந்த 'இழுத்தால் வரிசையில் நிற்கும்' என்பதை நான் எந்தப் பாடநூலிலும் கற்கவில்லை. என் அப்பா ரப்பர்த் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர்ப் பால் உறையவைக்கும் வேலை பார்த்தவர். தோட்டத்து எழுத்தரான கிராணி அளவுக் குவளையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அப்பா பாலின் முகத்தைப் பார்த்து ஆசிட்டைக் கலந்து முடித்திருப்பார். மறுநாள் காலையில் உறைந்த கட்டியை உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு ரப்பர்த் துண்டை வெடுக்கென்று இழுத்து என் உதட்டில் வைப்பார், சூடாக இருக்கும். மெல்ல விட்டுவிட்டு மறுபடி வைப்பார், குளிரும். "உள்ளே இருக்கிற நூலெல்லாம் இழுக்கும்போது பெரட்டுக்கு நிற்குதுடா, அதான் சூடு" என்பார். பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாத மனிதர் சொன்ன விளக்கம் அடிப்படையில் சரிதான் என்று நாற்பது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அவரிடம் யாரும் வந்து, இது வேதியியலா இயற்பியலா என்று முதலில் முடிவு செய் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் துரைக்கு அன்று தகடு கிடைத்திருக்காது.

என்னிடம்தான் சொன்னார்கள். மூன்றாம் படிவத் தேர்வு முடிந்து நான்காம் படிவத்துக்குப் போகும்போது, படம் பிடிக்கும் ஆசை இருப்பதாக எழுதிக் கொடுத்தேன். அது கலை சம்பந்தப்பட்டது என்று என்னைக் கலைப்பிரிவில் போட்டார்கள். வேதியியல் வகுப்புக்கு வெளியே நின்று சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போன பையன்தான் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் இருட்டறையில் டெவலப்பர், ஹைப்போ என்ற பட மருந்துகளைக் கலந்து குடும்பத்தைக் காப்பாற்றினான். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். கோபம் பள்ளியின் மேல் இல்லை, அந்தக் கேள்வியின் மேல். ஐம்பது ஆண்டு கழித்து அதே கேள்வி என் அக்காள் பேத்தியின் தாளில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கேமராவுக்கு வருகிறேன். 1943-இல் சாண்டா ஃபேயில் விடுமுறையின்போது, எடுத்த படத்தை ஏன் உடனே பார்க்க முடியாது என்று லேண்டின் சின்ன மகள் கேட்டாள் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். கதை அழகாக இருப்பதால் அதோடு நிறுத்திவிடுவார்கள். அவர் அந்தக் கேள்விக்கு எதை வைத்துப் பதில் தேடினார் என்று யாரும் கேட்பதில்லை. படத்தாளின் ஓரத்தில் ஒரு சின்னப் பை. அதற்குள் கூழ்போன்ற காரமருந்து. இரண்டு உருளைகளுக்கு நடுவே தாளை இழுத்தால் பை உடைந்து மருந்து சீராகப் பரவும். ஒளி பட்ட வெள்ளி உப்பு அங்கேயே கறுக்கும். ஒளி படாத வெள்ளி உப்பு கரைந்து எதிர்த்தாளுக்குப் போய் அங்கே படமாகும். (நம்மூரில் வெள்ளி என்றால் ரிங்கிட், நான் சொல்வது உலோகம். அந்த நாளில் படச்சுருளின் விலையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.) 1947 பிப்ரவரி 21-இல் நியூயார்க்கில், ஒளியியல் சங்கத்தின் கூட்டத்தில்தான் அவர் இதை முதன்முதலில் செய்து காட்டினார். வேதியியலால் ஆன புகைப்படத்தை ஒளியியல்காரர்கள் கூடிய அவையில் காட்டினார். அங்கே யாரும் அவருக்கு மதிப்பெண் குறைத்ததாகத் தெரியவில்லை.

அதற்கு முன்பே, போர்க்காலத்தில், ஜோசப் மாலர் என்பவரோடு சேர்ந்து வெக்டோகிராஃப் என்ற முப்பரிமாணப் படத்தை உருவாக்கியிருந்தார். அதில் படமே தளவிளைவுத் தகடுதான். எங்கே ஒளியியல் முடிகிறது, எங்கே படம் தொடங்குகிறது என்று கோடு போட விரும்புகிறவர்கள் அதில் போட்டுப் பார்க்கட்டும். 1972-இல் வந்த எஸ்எக்ஸ்-70 கேமராவோ இன்னும் வேடிக்கை. படம் வெளியே வந்து வெயிலிலேயே உருவாக வேண்டும், வெயில் படத்தைக் கெடுக்கவும் கூடாது. அதற்காகக் காரத்தில் இருண்டும் காரம் குறைந்ததும் தெளிந்தும் போகும் சாயத்தையே திரைச்சீலையாகத் தொங்கவிட்டார்கள். ஒளியைத் தடுக்கும் கதவை வேதியியலால் செய்திருக்கிறார்கள். மூன்றல்ல, ஒன்று.

உடனே ஒருவர் வருவார்: "இதையெல்லாம் லேண்ட் தனியாகவா செய்தார்?" இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கான ஆய்வை நடத்தியவர் மெரோ மோர்ஸ் என்ற பெண். அவர் கல்லூரியில் படித்தது கலை வரலாறு. வண்ணப் படத்துக்கான சாய முறையைக் கண்டுபிடித்தவர் ஹோவர்ட் ரோஜர்ஸ். 1963-இல் அது கடைக்கு வந்தது. இதைச் சொன்னால் என் வாதம் உடைந்துவிடும் என்று நினைத்தீர்களா? கலை வரலாறு படித்த பெண் வெள்ளி உப்பு ஆய்வகத்தை நடத்தினார் என்றால், என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

இன்னொருவர், வெள்ளி உப்பு எதிர்த்தாளுக்குப் போகும் அந்த முறையை பெல்ஜியத்தில் ஆந்த்ரே ரோட்டும் ஜெர்மனியில் எடித் வைடேவும் முன்னமே கண்டுபிடித்திருந்தார்கள் என்பார். உண்மைதான். அவர்களுடையது ஆவணம் நகலெடுக்கப் பயன்பட்டது. அதற்கு மேல் எனக்கு அதில் சொல்ல எதுவும் இல்லை.

காப்புரிமை என்பது பணக்காரன் போடும் வேலி என்று மூன்றாமவர். சரி, வேலிதான். ஆனால் வேலிக்குள் யார் வந்தார்கள் என்று பாருங்கள். 1934-இல் லேண்டின் தகட்டை வாங்கிய முதல் பெரிய வாடிக்கையாளரே கோடாக். அதே கோடாக் 1976-இல் சொந்தமாக உடனடிப் படக் கேமராவை இறக்கியது. சில நாட்களிலேயே போலராய்டு வழக்குப் போட்டது. 1985-இல் 7 காப்புரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பு வந்தது. 1986 சனவரியில் கோடாக் அந்தத் தொழிலைவிட்டே வெளியேறியது. 1991-இல் 925 மில்லியன் டாலர் கட்டிக் கணக்கை முடித்தது. எங்கள் தோட்டத்தில் ஆசிட் அளவை அப்பா கண்டுபிடித்தார், பெயரை வேறொருவர் வாங்கிக்கொண்டார். வேலி போடத் தெரிந்த ஒருவரைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தால் அதில் என்ன தவறு?

நாலாவது எதிர்ப்பை நேற்றிரவு என் சொந்தத் தம்பி மகன் அனுப்பினான்: "பெரியப்பா, உங்கள் ஆளின் கேமராதானே தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு கறுப்பர்களைக் கட்டாயப்படுத்திச் சுமக்கவைத்த பாஸ் புத்தகத்துக்குப் படமெடுத்தது?" அதை வாசித்ததும் தேநீரை அப்படியே வைத்துவிட்டேன். ஆமாம். 1970-இல் அதே போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்த கரோலின் ஹண்டரும் கென் வில்லியம்ஸும்தான் அதை வெளியே கொண்டுவந்து போராடினார்கள். 1977-இல்தான் நிறுவனம் தென்னாப்பிரிக்காவை விட்டு முழுதாக விலகியது. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. என் கடையிலும் நாலு கண் உள்ள போலராய்டு கேமரா இருந்தது. ஒரு தடவை அழுத்தினால் நாலு படம், ஒரு நிமிடம் கழித்து உரித்தெடுக்க வேண்டும், குளிர்ந்துபோனால் நீலம் பாய்ந்துவிடும். குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த சிவப்பு ஐசிக்காரர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், இலாகாவில் இன்னொரு பாரத்துக்கு இன்னொரு படம் கேட்டார்கள் என்று ஓடிவந்தவர்கள், எத்தனையோ பேரை அதில் எடுத்திருக்கிறேன். என் அம்மாவை மட்டும் ஆறு தடவை எடுத்தேன். ஆறாவது படத்தில் அம்மா கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடியுரிமைக்கான நீல ஐசி வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆகவே தம்பி மகனே, ஒரு படம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்று நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். போனாலும் அதே இடத்துக்குத்தான் வருகிறேன். 1942-இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தபோது உலகத்துக் குவினைனில் பெரும்பங்கு அவர்கள் கையில் போய்விட்டது. அந்தத் தட்டுப்பாட்டில் ராபர்ட் வுட்வர்டும் வில்லியம் டோரிங்கும் குவினைனை ஆய்வகத்தில் உருவாக்கும் வழியைத் தேடினார்கள். 1944-இல் அதை அறிவித்தார்கள். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது எது தெரியுமா? போலராய்டு. தளவிளைவுத் தகடு செய்யும் நிறுவனம் மலேரியா மருந்துக்குச் செலவழித்தது. அது கடைசிவரை யாருக்கும் மாத்திரையாகக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. அதே காலத்தில்தான் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேரை, ஜப்பானியர் தாங்கள் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். என் தாத்தாவின் தம்பி அங்கேயிருந்து திரும்பவில்லை. 'கொயினா இருந்தா வந்திருப்பான்' என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வேதியியல் இல்லை.

இதை அந்தப் பிள்ளை பலகையில் எழுதவில்லை. அவளுக்கு இது தெரியாது, நான் சொல்லவும் இல்லை. அவள் எழுதியது தகடு, கேமரா, மருந்துப் பை, ஒரு பெயர், அவ்வளவுதான். நடுவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, "தாத்தா, அப்ப நான் எதை வெட்டணும்?" என்று கேட்டாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது. வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

பலகை இப்போது பசார் ரோட்டில் என் கடையின் முன்கண்ணாடியில் இருக்கிறது, முழுதாக. தகட்டை உங்கள் கைப்பேசித் திரையின் முன்னால் பிடித்து மெல்லத் திருப்புங்கள். பல திரைகள் ஒரு கட்டத்தில் கறுத்துவிடும். சாயங்காலம் ஆறு மணி வரை கடை திறந்திருக்கும். நடுவர் ஐயாவும் வரலாம். கைப்பேசியை மறக்காமல் எடுத்து வரட்டும்.