அந்தக் குஞ்சு உங்கள் தோளில் உட்காரக் கூடாது

கீழே கிடந்த பறவைக் குஞ்சை எடுத்து வளர்த்து, அது வளர்ந்தபின் தோளில் உட்கார்ந்திருக்கும் வீடியோக்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. கூப்பிட்டால் பறந்து வருகிறது, கையிலிருந்து வாங்கித் தின்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் நெகிழ்ந்து எழுதுகிறார்கள். வளர்த்தவரின் அன்பில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. ஆளைக் கண்டால் விலகத் தெரியாத காட்டுப் பறவை அடுத்த ஆளிடமும் அப்படித்தான் போய் உட்காரும். அந்த அடுத்த ஆள் எப்படிப்பட்டவரோ?

முதலில், எடுக்கலாமா என்பதையே கேட்டுக்கொள்ள வேண்டும். "கீழே விழுந்துவிட்டது" என்று தூக்கி வரப்படும் குஞ்சுகளில் நிறைய விழுந்தவையே அல்ல. உடம்பெல்லாம் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிறதா? விரலை நீட்டினால் இறுக்கிப் பிடித்து நிற்கிறதா? அது தானாகவே கூட்டை விட்டு இறங்கியது. மைனா, கொண்டைக்குருவி மாதிரிப் பல பறவைகளின் குஞ்சுகள் சரியாகப் பறக்க வருவதற்கு முன்பே கூட்டைக் காலி செய்துவிடும். ஒரே இடத்தில் கத்திக்கொண்டு கிடந்தால் பாம்புக்கும் காக்கைக்கும் தெரிந்துபோகும் என்பதால் சீக்கிரம் கிளம்புவதே அவற்றுக்கு நல்லது. அதன்பிறகும் தாயும் தகப்பனும் புதருக்குள்ளும் தரையிலும் தேடி வந்து ஊட்டும். நாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதால்தான் பல நேரம் வராமல் இருக்கின்றன. பூனை நடமாட்டம் இருந்தால் குஞ்சைப் பக்கத்துச் செடியில் ஏற்றிவிட்டு, தள்ளிப்போய் ஒன்றிரண்டு மணி நேரம் கவனித்தால் போதும். பெற்றோர் இருக்கும்போதே அதைத் தூக்கி அட்டைப்பெட்டியில் போடுவதைக் காப்பாற்றுவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இறகே முளைக்காத, கண் திறக்காத குஞ்சு என்றால் கதை வேறு. அதைக் கூட்டிலேயே திரும்ப வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள். மனிதர் தொட்ட வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று சொல்வதில் உண்மை இல்லை. கூடு சிதைந்திருந்தால் அடியில் ஓட்டை போட்ட சின்னக் கூடையில் காய்ந்த புல் பரப்பி, அதே மரத்தில் கட்டிவிட்டாலும் வந்து ஊட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் முடியாமல் கையில் வந்துவிட்ட குஞ்சுக்கு என்ன செய்வது? உடனே எல்லோருக்கும் தோன்றுவது தண்ணீர் கொடுப்பது. பாவம், தாகமாக இருக்கும் என்று ஃபில்லரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். குஞ்சு வாயைத் திறக்கும்போது உற்றுப் பாருங்கள்: நாக்குக்குப் பின்னால், நடுவில், சின்னத் துளை ஒன்று திறந்து மூடுவது தெரியும். மூச்சுக்குழாயின் வாய் அதுதான். நமக்கு இருப்பது போல அதை மூட மேலே ஒரு மடல் பறவைக்குக் கிடையாது. வாயில் விடும் துளி நேராக நுரையீரலுக்கே போய்விடலாம். அதற்கு வேண்டிய நீர் இரையிலேயே கிடைத்துவிடும். பாலும் ரொட்டியும் அதே அளவுக்குக் கெடுதல். பாலில் இருக்கும் லாக்டோஸைச் செரிக்கும் நொதி பறவைக்கு இல்லை. ரொட்டியில் அது வளரத் தேவையான புரதம் போதாது.

முதல் வேலை சூடு. தொட்டால் சில்லென்று இருக்கும் குஞ்சுக்கு எதை ஊட்டினாலும் செரிக்காது, உள்ளேயே கெட்டுப்போகும். இறகில்லாத குஞ்சுக்குக் கிட்டத்தட்ட 35 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பு வேண்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் போதும். படுக்கை தட்டையாக இருக்கக் கூடாது. வழுக்கும் பரப்பில் விட்டால் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, பிறகு கிளையைப் பிடிக்க முடியாமல் போய்விடும். கிண்ணம் மாதிரிக் குழிவாக, உடம்பை அணைத்துப் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

ஊட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. சின்னப் பறவைகளின் இறகு முளைக்காத குஞ்சுக்கு விடிந்ததிலிருந்து இருட்டும் வரை 20, 30 நிமிடத்துக்கு ஒரு முறை ஊட்ட வேண்டும். கூட்டில், ஊட்டி முடித்ததும் குஞ்சு பின்பக்கத்தைக் கூட்டின் விளிம்புக்குத் திருப்பி, லேசாக ஆட்டி, வெள்ளைத் தோல் மூடிய ஒரு சின்ன மூட்டையாக எச்சத்தை வெளியே தள்ளும். தாய்ப் பறவை அதை அப்படியே அலகில் கவ்விக்கொண்டுபோய்த் தூரத்தில் போட்டுவிடும், கூடு சுத்தமாக இருப்பது அதனால்தான். முதல்முறை நேரில் பார்த்தபோது, யார் சொல்லிக்கொடுத்தார்கள் இந்தக் குஞ்சுக்கு என்று மலைத்து நின்றேன்.

என்ன ஊட்டுவது என்பதில்தான் நல்லெண்ணம் அதிகம் தோற்கிறது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சி, புழுதான் கொண்டுவந்து தரும். புறாக் குஞ்சு வாயைப் பிளந்து கேட்காது, தாயின் வாய்க்குள் அலகை நுழைத்துக்கொள்ளும். முதல் சில நாள் தாய் தகப்பனின் தீனிப்பையில் (இரை சேரும் கழுத்துப் பையில்) சுரக்கும் பால் போன்ற பொருள்தான் அதற்கு உணவு. ஆந்தை, பருந்துக் குஞ்சுகளுக்கு வெறும் இறைச்சியை மட்டும் போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு வளைந்துவிடும். காட்டில் அவை எலும்போடு முழு இரையாகத் தின்பவை. கையில் இருப்பது என்ன பறவை என்றே தெரியாமல் ஊட்டத் தொடங்குவது பெரிய ஆபத்து.

இத்தனையும் சரியாகச் செய்து குஞ்சு தேறிவிட்டாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி, தான் யார் என்று அதற்குத் தெரிய வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக் குஞ்சுகள் முதலில் பார்த்தவரையே தாயாக எண்ணிப் பின்னால் போவதை விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரென்ஸ் 1930-களிலேயே விளக்கிவிட்டார். 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். 1987-இல் உலகத்திலேயே 27 கலிபோர்னியா காண்டோர்கள்தான் (அமெரிக்காவின் பெரிய பிணந்தின்னிக் கழுகுகள்) மிச்சம், அத்தனையும் கூண்டில். அவற்றின் குஞ்சுகளுக்கு ஊட்ட, வளர்த்தவர்கள் பெரிய காண்டோரின் தலை மாதிரி ஒரு பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டார்கள், மனித முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. ஓர் இனமே முடிந்துவிடும் நிலையிலும் அவர்கள் கொஞ்சவில்லை. அதை நினைத்தாலே எனக்குக் கண் கலங்கும்.

பாட்டும் அப்படித்தான். பாடும் பறவைகள் தம் இனத்தின் பாட்டை மூத்த பறவைகளிடம் கேட்டுத்தான் கற்கின்றன. ஆஸ்திரேலியாவில் ரீஜென்ட் ஹனிஈட்டர் என்ற பறவை அருகிப்போய், இளம் ஆண்களுக்குக் கேட்டுப் பழகப் பெரியவர்களே கிடைக்கவில்லை. சில ஆண்கள் வேறு இனப் பறவைகளின் பாட்டைப் பாடுகின்றன என்று 2021-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வீட்டுக்குள் தனியாக, மனிதப் பேச்சும் டிவி சத்தமும் மட்டும் கேட்டு வளரும் குஞ்சு தன் இனத்தின் பாட்டை எங்கே போய்க் கற்கும்?

அதனால்தான் சொல்கிறேன்: பெயர் வைக்காதீர்கள், கொஞ்சாதீர்கள், மடியில் வைத்து வீடியோ எடுக்காதீர்கள். ஊட்டும் நேரம் தவிர மூடி, அமைதியாக வையுங்கள். "அப்படியானால் சாகவிடச் சொல்கிறாயா?" என்று கேட்பார்கள். இல்லை. சூடு கொடுத்து, பெட்டியில் வைத்து, பறவை மீட்பில் பயிற்சி பெற்றவரிடமோ பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடமோ சீக்கிரம் சேர்த்துவிடச் சொல்கிறேன். அவர்களிடம் அதே இனக் குஞ்சுகள் வேறு இருக்கலாம், சேர்ந்து வளரும். பல நாடுகளில் காட்டுப் பறவையை அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம்.

பூனை வாயில் அகப்பட்டது என்றால் மணிக்கணக்கில் யோசிக்காதீர்கள். வெளியே காயம் தெரியாவிட்டாலும் பூனையின் எச்சிலில் இருக்கும் கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும், ஆன்டிபயாடிக் உடனே வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்கே விசாரித்துப் போனில் போட்டு வையுங்கள். கொடுக்கும்போது குஞ்சு கிடந்த இடத்தையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். தேறியதும் அங்கேயே கொண்டுபோய் விட வேண்டும். சீக்கிரம் திரும்பிவிட்டால் தாய் தகப்பன் மறுபடி ஊட்டத் தொடங்கவும் வாய்ப்பு உண்டு.