சலுகை மதிப்பெண் எங்களுக்கு வேண்டாம்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எங்கள் நாடகக் குழுவின் விழாவில் சிறப்பு விருந்தினர் பேசிய காணொளித் துண்டை நேற்றிரவும் ஒருவர் பகிர்ந்து, "எவ்வளவு பெரிய பாராட்டு!" என்று மேலே எழுதியிருந்தார். கீழே வரிசையாக வாழ்த்துகள். இனிப் பேசாமல் இருக்க முடியாது.

அது பாராட்டு இல்லை. "வேலை முடிந்து வந்து பொழுதுபோக்காகச் செய்பவர்கள் என்று பார்க்கும்போது, பரவாயில்லை, நன்றாகவே பாடுகிறார்கள்." சனிக்கிழமை எங்கள் பத்தாம் ஆண்டு விழா மேடையில் சிறப்பு விருந்தினர் சொன்னது இதுதான். அரங்கம் கைதட்டியது. வேடம் கலைக்காமல் நின்றுகொண்டிருந்த நாங்களும் கும்பிட்டோம். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் மேடையில் வைத்தா வாதாட முடியும்?

நான் கேட்பது ஒன்றுதான். குறை சொல்லுங்கள். சுருதி விலகியது என்று சொல்லுங்கள். இரண்டாம் பாதி இழுத்தது என்று சொல்லுங்கள். நாரதர் வசனத்தை விழுங்கினார் என்று சொல்லுங்கள். சலுகை மட்டும் தராதீர்கள். டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தவருக்கு, பாடுகிறவர் பகலில் எங்கே வேலை பார்க்கிறார் என்ற விவரம் எதற்கு? வங்கிக் காசாளர் பாடினால் முகாரி வேறு ராகமாகிவிடுமா?

தமிழ் நாடகத்தின் வரலாறு தெரிந்தவர் இப்படிப் பேச மாட்டார். சென்னை நாடகக் குழுவான சுகுண விலாச சபை 1891-இல் தொடங்கியது. அதை நடத்திய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர். பிறகு நீதிபதியாகவும் இருந்தார். நீதிமன்றம் முடிந்து வந்துதான் ஒத்திகை பார்த்தார். மேடையில் பாட்டைக் குறைத்து வசனத்தை முன்னுக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்த விஷயத்தில் எனக்கு அவரோடு மனத்தாங்கல் உண்டு. அது வேறு பேச்சு. ஆனால் வேலைக்குப் போகிறவர் போட்ட நாடகம் என்பதால் அவருக்கு யாரும் மதிப்பெண் கூட்டிப் போடவில்லை. பாட்டின் பக்கம் வந்தால், இசை நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளே உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தவர்தான்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாமல் பேசுகிறார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஆண்குரல் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் சௌகரியமாக நிற்கும். பெண்குரலுக்கு ஐந்து, ஐந்தரை. கச்சேரியில் அவரவர் சுருதியில் அவரவர் பாடிவிட்டுப் போகலாம். வள்ளியும் முருகனும் தினைப்புனத்தில் நின்று தர்க்கம் செய்யும்போது என்ன செய்வது? அவள் கேள்வியை முடித்த இடத்தில் அவன் பதிலை எடுக்க வேண்டும். நடுவில் சுருதியை மாற்றினால் காட்சி அறுந்துபோகும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை குரலை எட்டவைத்தவர்கள் அந்தக்கால நடிகர்கள். இருபத்தேழு வயதில் இறந்துபோன நாடக நடிகர் கிட்டப்பாவின் இசைத்தட்டைக் கேளுங்கள், அந்தக் குரல் எங்கே ஏறி நிற்கிறதென்று தெரியும். நாங்கள் வள்ளி திருமணத்தை நான்கு கட்டையில் நிறுத்தினோம். ஆண்கள் தொண்டையை ஏற்ற வேண்டும், பெண்கள் இறக்க வேண்டும், இரண்டு பேருக்கும் அது சொந்த வீடு இல்லை. அந்தச் சுருதியில் குரல் நிலைக்க ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. இருமலோடு, தொண்டைக்கட்டோடு, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், காவலாளி விளக்கை அணைக்க வரும்வரை பாடினார்கள். இதற்குப் பெயர் பொழுதுபோக்கா?

விருத்தம் இன்னும் கடினம். ராகத்தில் மட்டும் விரித்துப் பாடும் செய்யுள் அது, தாளம் கிடையாது. நடிகர் எந்தச் சொல்லில் நிற்பார், எங்கே மூச்சு வாங்குவார் என்பது அன்றைய மேடையில்தான் முடிவாகும். சத்தியவான் கீழே விழுந்து கிடக்கும்போது சாவித்திரி பாடும் விருத்தம் ஒவ்வொரு முறையும் வேறு நீளத்தில் இருக்கும். ஆர்மோனியம் வாசிப்பவர் அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டே பின்தொடர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் வந்து, "இசையைப் பதிவு செய்து ஓடவிட்டுவிடுங்களேன், செலவு மிச்சம்" என்று ஆலோசனை தருகிறார். ஓடவிட்டால் அது நமக்காக நிற்காது ஐயா. நாம்தான் அதன் பின்னால் ஓட வேண்டும். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நாங்களே எழுதி மெட்டமைத்த புதிய நாடகங்கள் என்று பத்து ஆண்டுகளில் போட்டவற்றில் ஒன்றில்கூடப் பதிவுசெய்த இசையைப் பயன்படுத்தவில்லை.

"நல்ல மனதோடு சொன்னதைப் பெரிதுபடுத்துகிறீர்கள்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல மனதுதான், மறுக்கவில்லை. நல்ல மனதோடு குழந்தையின் தலையைத் தடவலாம். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு நரை விழுந்துவிட்டது.

"அப்படியானால் கடுமையான விமர்சனத்தைத் தாங்குவீர்களா?" என்று இன்னொருவர் கேட்கிறார். தாங்கியிருக்கிறோம். தொடங்கிய புதிதில் பவளக்கொடி போட்டபோது புதுக்கோட்டைப் பக்கத்து மூத்த ராஜபார்ட் நடிகர், அதாவது கதாநாயக வேடக்காரர், ஒருவர் பார்க்க வந்திருந்தார். தனித்தனியாக அமர்த்திய நடிகர்கள் ஓர் இரவுக்கு ஒன்றுகூடிப் போடும் ஸ்பெஷல் நாடகத்திலேயே ஆயுள் கழித்தவர். முடிந்ததும் ஒப்பனை அறைக்கு வந்து, எங்கள் அர்ஜுனனை நேராகப் பார்த்து, "பாட்டு வந்ததும் அர்ஜுனன் செத்துப்போகிறானே, ஏன்? அதுவரை பவளக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அதற்குப் பிறகு மிருதங்கத்தைப் பார்க்கிறான். அவள் மேல் உனக்கு ஆசையா, மிருதங்கத்தின் மேலா?" என்று கேட்டார். எங்கள் அர்ஜுனன் முகத்தில் ஈயாடவில்லை. பெரியவர் அத்தோடு கிளம்பவில்லை. துணிப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, பல்லவியைப் பாடியபடியே எப்படி இரண்டடி முன்னால் போவது, அனுபல்லவி எடுக்குமுன் கண்ணை எங்கே வைப்பது, கை தாளம் போடாமல் இருக்க அதற்கு என்ன வேலை கொடுப்பது என்று கடைசிப் பஸ்ஸைத் தவறவிடும்வரை சொல்லிக்கொடுத்தார். நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் எங்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. பத்து ஆண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

அடுத்து வருவது கொஞ்சம் நியாயமான கேள்வி. மாதச் சம்பளக்காரர்களான நீங்கள், அதே தொழிலில் வயிறு கழுவும் கலைஞர்களோடு சமமாக நிறுத்திப் பார்க்கச் சொல்வது சரியா? சரியில்லைதான். பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்கு மேடையேறி விடியும்வரை பாடிவிட்டு, மறுநாள் வேறு ஊரில் அதையே செய்கிறவர்களோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் சிறப்பு விருந்தினர் பேசியது அவர்களுக்காக இல்லையே! அவர்கள்மேல் அவ்வளவு அக்கறை இருந்திருந்தால், அவர்களில் ஒருவர் அன்று அதே மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருப்பார்.

எங்கள் ஆர்மோனிய வாத்தியாரைச் சொல்கிறேன். முதல் நாடகத்திலிருந்து எங்களோடு இருப்பவர். ஸ்பெஷல் நாடக மேடையிலிருந்து வந்தவர். அந்த மேடையில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் பார்வையாளர் கண்ணெதிரே, மேடையின் ஓரத்திலேயே உட்காருவார்கள். ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடுவார், கோமாளியோடு பேச்சுக் கொடுப்பார், நடிகர் அடியை மறந்தால் எடுத்துக்கொடுப்பார். அவரும் நாடகத்தில் ஒரு பாத்திரம்தான். சனிக்கிழமை, புகைப்படத்தில் மேடை "சுத்தமாக" தெரிய வேண்டும் என்று விழா ஏற்பாட்டாளர்கள் அவரைப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். அங்கிருந்து அவருக்கு நடிகர்களின் முதுகுதான் தெரியும். மூச்சைப் பார்த்து வாசிக்க வேண்டியவருக்கு முதுகைக் காட்டினால் அவர் என்ன செய்வார்? இருந்தும் அன்று ஒரு விருத்தத்தில்கூட அவர் பிந்தவில்லை. பொன்னாடை போர்த்தும்போது அவர் பெயரை அழைக்கவில்லை. நான் ஒலிவாங்கியை நோக்கிப் போவதற்குள் நாட்டுப்பண் தொடங்கிவிட்டது.

அந்த வாத்தியத்துக்கே இந்த நாட்டில் நடந்ததுதான் இது. ஆர்மோனியத்தில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, வராது, நம் சங்கீதத்துக்கு ஆகாது என்று சொல்லி 1940-இல் அகில இந்திய வானொலி அதை ஒலிபரப்பிலிருந்தே விலக்கியது. கதவு திறக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அத்தனை ஆண்டுகளும் கிராமத்து நாடக மேடை அதைக் கைவிடவில்லை. வானொலிக்கு ஆகாதது வள்ளிக்கும் அரிச்சந்திரனுக்கும் ஆனது. கிட்டப்பாவுக்கு அவருடைய அண்ணன் காசி அய்யரே ஆர்மோனியம் வாசித்தார். அந்த வரிசையில் வந்த ஒரு மனிதரைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, எங்களுக்குப் "பரவாயில்லை" என்று முதுகில் தட்டிவிட்டுப் போகிறார்கள். தட்டியதைக்கூட மறந்துவிடுவேன். தள்ளியதை மறக்க மாட்டேன்.

"விழா முடிந்துவிட்டது, விட்டுவிடுங்கள், அடுத்த முறை அந்த அரங்கம் கிடைக்காமல் போகும்" என்று எங்கள் குழுவுக்குள்ளேயே சிலர் சொல்கிறார்கள். அவர்கள் கவலை புரிகிறது. நல்ல அரங்கம், நல்ல ஒலியமைப்பு, பஸ் நிலையத்துக்குப் பக்கம். அப்படி இன்னொன்று கிடைப்பது கடினம்தான். கிடைக்காவிட்டால் போகட்டும். பள்ளிக்கூட மைதானத்தில் போடுவோம்.

அடுத்து கோவலனை மறுபடி எடுக்கிறோம். ஆர்மோனியமும் மிருதங்கமும் மேடையின் வலது ஓரத்தில், விளக்கு விழும் இடத்தில், நடிகர்களின் முகத்தைப் பார்த்தபடி இருக்கும். அழைப்பிதழில் வாசிப்பவர்கள் பெயர் நடிகர்கள் பெயர் அளவிலேயே இருக்கும். இதற்கு ஒப்புக்கொள்ளும் அரங்கத்தோடு மட்டும்தான் இனி பேச்சு. செயலாளரிடம் நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.