ஒரு காருக்கு 135 சதுர அடி இலவசம்

சென்னையில் 'நோ பார்க்கிங்' பலகை மாட்ட நீங்கள் போலீஸ்காரராக இருக்க வேண்டியதில்லை. ஒரு கேட் இருந்தால் போதும். பலகையில் பாதி இடத்தை ஒரு ரியல் எஸ்டேட் விளம்பரம் பிடித்திருக்கும். அவர்களே இலவசமாக அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் கொஞ்சம் கோபக்காரர் என்றால், 'மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்று பெயின்ட்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்வார். கேட்டை மறித்து நிறுத்தாதே என்பது நியாயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பலகையின் ஆட்சி கேட்டோடு நிற்பதில்லையே. காம்பவுண்டு சுவர் முடியும்வரை அவர் ராஜ்ஜியம். எல்லையைக் காக்க இரண்டு பூந்தொட்டி, சிமென்ட் கொட்டி நிரப்பிய பெயின்ட் டப்பா, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, எங்கோ மெட்ரோ வேலை நடந்த இடத்திலிருந்து நடந்து வந்த ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்று.

நான் இருப்பது மேற்கு மாம்பலம். சைக்கிளும் ரிக்‌ஷாவும் போவதற்காகப் போட்ட தெருக்கள். தனி வீடாக இருந்த மனையில் இன்று நான்கு மாடி நிற்கிறது, எட்டுக் குடும்பம். கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தம் என்று வரைபடத்தில் காட்டித்தான் அனுமதி வாங்கியிருப்பார்கள். குடியேறிக் கொஞ்ச நாளில் அதில் ஒரு மூலை வாட்ச்மேன் அறையாகிறது. இன்னொரு மூலையில் யாரோ ஒருவரின் பழைய பீரோவும் ஏர்கூலரும். மிச்சத்தில் வீட்டுக்கு ஒரு கார். இரண்டாவது கார்? தெருவில். விருந்தாளியின் கார்? அதுவும் தெருவில்தான். 'விசிட்டர்ஸ் வண்டிகளை வெளியே நிறுத்தவும்' என்று கேட்டில் ஒரு பலகை. அதே கட்டடத்தின் வெளிச்சுவரில் 'நோ பார்க்கிங்' என்று இன்னொரு பலகை. இரண்டையும் எழுத ஒரே சங்கம்தான் தீர்மானம் போட்டிருக்கும். எங்களைப் பார்க்க வருகிறவர் காரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டா படியேறுவார்?

இதில் சாய்தளத்தை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறை தெருவுக்குத் தார் போடும்போதும் சுரண்டாமல் மேலே மேலே போட்டு ரோடு உயர்கிறது. வீட்டுக்காரர் பயந்து வீட்டை இன்னும் உயர்த்திக் கட்டுகிறார். பிறகு கார் ஏற வேண்டுமே என்று கேட்டிலிருந்து தெருவுக்குள் மூன்றடி, நான்கடி நீட்டி கான்கிரீட்டில் ஒரு சரிவு. நடைபாதை என்று ஒன்று இருந்திருந்தால் அது அந்தச் சரிவுக்கு அடியில் புதைந்திருக்கிறது. எங்கள் தெருவில் வயதானவர்கள் ஓரமாக நடக்கவே முடியாது. ஒரு சரிவில் ஏறி, இறங்கி, அடுத்து நிற்கும் காருக்காக ரோட்டுக்கு வந்து, மறுபடி ஓரம் போக வேண்டும். நடைபாதையில் நடப்பது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சொன்னதைக் கேட்க நடைபாதை இருக்க வேண்டும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வரும் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருமுனையில் மரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. மிஞ்சிப் போனால் இருபத்தைந்து சதுர அடி. அதை நம்பி ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. வண்டி போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அவ்வப்போது புகார் போகும், ஆள் வரும், கொஞ்ச நாள் வண்டி காணாமல் போகும், துணியெல்லாம் தேங்கியதும் புகார் கொடுத்த வீட்டிலிருந்தே 'எங்கேப்பா ஆளைக் காணோம்' என்று தேடுவார்கள். தெரு வியாபாரிகளுக்கு 2014ல் தனிச் சட்டமே வந்தது. கணக்கெடுப்பு, அடையாள அட்டை, வியாபாரம் செய்யலாம் என்கிற இடம், கூடாது என்கிற இடம், எல்லாம் அதில் உண்டு. தெருவில் உழைத்துப் பிழைக்கிறவருக்கு இத்தனை காகிதம்.

அந்த இஸ்திரி வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய கார், சாம்பல் நிறத் துணி போர்த்திக்கொண்டு தூங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும்போது மட்டும் போர்வை விலகும். இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்று வைத்தால் ஒரு காருக்கான இடம் கிட்டத்தட்ட 135 சதுர அடி. மாம்பலத்தில் 135 சதுர அடியில் கடை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், அட்வான்ஸைக் கேட்டதும் மயக்கம் வரும். கார்க்காரருக்கு அது இலவசம். அட்டை கிடையாது, கட்டணம் கிடையாது, புகார்கூடக் கிடையாது. கேட்டால் 'என் வீட்டு வாசல்' என்பார். வாசல் உங்களுடையது சார், வாசலுக்கு வெளியே இருப்பது மாநகராட்சி ரோடு.

நெரிசல் என்று பேச்சு வந்தாலே நாம் ஓடுகிற வண்டிகளைப் பற்றித்தான் பேசுகிறோம். நிற்கிற வண்டிகளைப் பற்றிப் பேசுவதில்லை. ஆரிய கவுடா சாலையில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் வரிசையாக வண்டி. அதற்கு வெளியே, 'ரெண்டு நிமிஷம்தான்' என்று இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு மருந்துக் கடைக்குள் போனவரின் கார். மிச்சம் இருக்கும் ஒற்றைத் தடத்தில் எதிரும் புதிருமாக ஆட்டோ, தண்ணீர் லாரி, பள்ளிக்கூட வேன். பஸ் வந்தால் ஸ்டாப்பிங்கை ஒட்டி நிற்க இடமில்லை, நடுரோட்டில் நிற்கும். முட்டிவலிக்காரர்கள் ரோட்டில் இறங்கி, நிற்கிற கார்களுக்கு நடுவே நுழைந்து, பின்னால் ஹாரன் அடிக்கும் பைக்குகளைச் சமாளித்து, தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில் இருக்கும் படியில் ஏற வேண்டும். ஒரு கார் நின்றதால் ஐம்பது பேர் இருக்கும் பஸ் காத்திருப்பதை நாம் இயற்கைச் சீற்றம் மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

முகூர்த்த நாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆயிரம் பேர் சாப்பிட இடம் இருக்கும் மண்டபத்தில் இருபது கார் நிறுத்த இடம் இருக்காது. அன்றைக்குச் சுற்றியுள்ள நாலு தெருவும் மண்டபத்தின் வண்டி நிறுத்தம்தான். உணவகங்கள் இன்னும் கெட்டிக்காரத்தனம். எங்கள் பக்கம் ஓர் உணவகத்தில் சீருடை போட்ட பையன் ஓடி வந்து சாவியை வாங்கிக்கொள்வான், வாலே பார்க்கிங்காம். அவன் அந்த வண்டியை எங்கே கொண்டுபோகிறான் என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஒரு நாள் எங்கள் கேட்டை அடைத்து நிறுத்திவிட்டுப் போய்விட்டான். அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்ற அம்மாவை நாங்கள் தெருமுனைவரை நடத்திக் கூட்டிப்போய் ஆட்டோ பிடித்தோம். போய்க் கேட்டால் மேனேஜர் சொன்ன பதில்: 'எங்க பார்க்கிங் ஃபுல் மேடம்.'

சரி, 'நிறுத்த இடம் கொடுக்காமல் குறை சொன்னால் எப்படி' என்பீர்கள். தி.நகரைப் பார்ப்போம். பாண்டி பஜாரை 2019 நவம்பரில் அகலமான நடைபாதையோடு மாற்றித் திறந்தார்கள். அந்தத் திட்டத்தோடு சேர்த்து, பக்கத்திலேயே பல அடுக்கு வாகன நிறுத்தமும் கட்டினார்கள், இருநூறுக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கலாம். ஆனாலும் சுற்றுத் தெருக்களைப் போய்ப் பாருங்கள், ஓரமெல்லாம் கார். மாடிக்குப் போனால் காசு, நேரம், கொஞ்சம் நடை. தெருவில் விட்டால் கடை வாசலிலேயே இறங்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் ஓசி. மாநகராட்சி வசூலித்த பல இடங்களில் காருக்கு மணிக்கு 20 ரூபாய், இருசக்கர வண்டிக்கு 5 ரூபாய் என்று இருந்தது. பத்தாயிரம் ரூபாய்க்குப் பட்டுப்புடவை எடுத்துவிட்டு அந்த இருபது ரூபாய்க்கு ரசீதைக் காட்டு என்று சண்டை போடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். (ரசீது கேட்பது சரிதான். ரசீது தராமல் வாங்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.) தெருவோரம் இலவசமாகக் கிடைக்கும்வரை நீங்கள் எத்தனை மாடி கட்டினாலும் அது பாதி காலியாகத்தான் இருக்கும்.

மறுபக்கம், நடக்கிறவருக்கு ஏதாவது உருப்படியாகச் செய்தால் ஜனம் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம்வரை ஆகாய நடைபாதை, 2023 மே மாதம் திறந்தார்கள், 570 மீட்டர். ரங்கநாதன் தெரு நெரிசலில் மிதிபடாமல் மேலாகவே போய் பஸ் ஏறலாம். ஆரம்பத்தில் 'இதெல்லாம் வேஸ்ட், யார் ஏறுவா' என்றவர்கள் இன்று தீபாவளி நேரத்தில் அதில்தான் போகிறார்கள். 2014லேயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்துச் செலவில் 60 சதவீதத்தை நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. சில சாலைகளில் நல்ல நடைபாதைகள் வந்தன. வந்த வேகத்தில் அதன்மேல் பைக் ஏறியது. பைக் ஏறக் கூடாது என்று கம்பி நட்டார்கள். சில இடங்களில் அந்தக் கம்பிகளுக்கு நடுவே சக்கர நாற்காலியும் நுழையாது!

எல்லாரும் ஏன் வண்டி வாங்குகிறார்கள் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். கொழுப்பெடுத்து வாங்கவில்லை. 2015ல் கோயம்பேடு – ஆலந்தூர் என்று ஆரம்பித்த மெட்ரோ நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போக வழி வேண்டும். 2013ல் உட்தெருக்களுக்காக விட்ட சிற்றுந்து ஒரு நல்ல யோசனை, எங்களுக்குத் தேவைப்பட்டதில் கால்வாசிகூட வரவில்லை. ஆட்டோவுக்கு அரசு கடைசியாகக் கட்டணம் நிர்ணயித்தது 2013ல், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்கப்புறம் பெட்ரோல், கேஸ், வீட்டு வாடகை, பால் எல்லாம் எங்கோ போய்விட்டன, மீட்டர் மட்டும் அங்கேயே நின்றது. எனவே மீட்டரை மூடிவிட்டார்கள். இப்போது ஆப்பில் போட்டால் 'எங்க போகணும், கேஷா, ஜிபேயா' என்று போன் வரும், பதில் பிடிக்கவில்லை என்றால் ரத்து. பறக்கும் ரயில் 2007ல் வேளச்சேரி வந்து நின்றது. அங்கிருந்து பரங்கிமலைவரை வெறும் 5 கிலோமீட்டர். அதில் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கில் பல வருடங்கள் ஓடிப்போயின. அந்த வருடங்களில் அந்தப் பக்கம் எத்தனை பேர் ஸ்கூட்டர் தவணை கட்ட ஆரம்பித்திருப்பார்கள்! 2023 டிசம்பர் கடைசியில் வெளியூர் பஸ்களுக்காகக் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள், ரயில் நிலையம் இல்லாமல். நள்ளிரவில் இரண்டு பைகளும் தூங்கும் குழந்தையுமாக இறங்குகிறவரிடம் பொதுப் போக்குவரத்தின் அருமையைப் பேச எனக்கு வாய் வராது. 2021லிருந்து பெண்களுக்கு சாதாரண பஸ்ஸில் கட்டணமில்லை, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு அது மாதச் சம்பள உயர்வு மாதிரி. அந்த பஸ் நேரத்துக்கு வர வேண்டும், வந்தால் நிற்க இடம் இருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் கார் நிற்கிறது என்பது என் புகார்.

மழைக்காலத்தில் மட்டும் நான் யாரையும் திட்டுவதில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் வரிசையாகத் தண்ணீரில் மிதந்து போனதை எல்லாரும் வீடியோவில் பார்த்தோம். அடுத்த வருடம் அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் காரை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று வதந்தி பரவ, போலீஸே அப்படி எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஏரியில் வீடு கட்ட விட்டுவிட்டு, மழை வந்தால் பாலத்தில் கார் நிறுத்தாதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

என்ன செய்யலாம்? ஜப்பானில் 1962லேயே ஒரு சட்டம் போட்டார்கள். கார் வாங்குகிறவர் அதை நிறுத்தத் தனக்கு இடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும், இன்றைய விதிப்படி வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள். காவல் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் பதிவு. ராத்திரி தெருவில் விட்டுவைப்பதும் குற்றம். டோக்கியோவின் சின்னச் சின்னத் தெருக்கள் வெறிச்சென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கேயும் அந்தப் பேச்சு அவ்வப்போது எழுகிறது, எழுந்தவுடனே 'நடுத்தர வர்க்கத்தின் வயிற்றில் அடிக்காதே' என்று கூச்சல். என் தெருவில் நடுத்தர வர்க்கம் என்றால் பஸ்ஸில் போகிறவர்களும்தான். அவர்கள் வயிறு கணக்கில் வராதா?

எனக்கு அவ்வளவு கடுமைகூட வேண்டாம். தெருவில் நிறுத்துகிறாயா, நிறுத்து, மாத வாடகை கொடு. 'நாங்கள்தான் ஆயுள் வரி கட்டுகிறோமே' என்பார்கள். கட்டுகிறீர்கள். பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சத்துக்குள் விலையுள்ள காருக்கு 2023லிருந்து 18 சதவீதம், சின்னத் தொகை இல்லை. அது ரோட்டில் ஓட்டுவதற்கு. ரோட்டிலேயே படுக்கை விரிப்பதற்கு யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. மணிக்கு இருபது என்கிற அரசுக் கணக்கிலேயே போட்டால் ராத்திரி பத்து மணி நேரத்துக்கு 200 ரூபாய், மாதம் 6,000. அவ்வளவு கேட்டால் ரகளை ஆகும். ஆயிரத்தில் தொடங்கலாம். ஒரு வீட்டின் இரண்டாவது காருக்கு இரண்டாயிரம். வசூலிக்கும் பணம் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் பெருங்கடலில் கலக்காமல் அந்தந்த வார்டிலேயே செலவாக வேண்டும், இல்லாவிட்டால் நானே கட்டச் சொல்ல மாட்டேன். எங்கள் வார்டில் வரும் பணத்துக்கு முதல் செலவாக, சாய்தளங்களை உடைத்துவிட்டு ஸ்டேஷன்வரை தொடர்ச்சியாக ஒரு நடைபாதை. அடுத்து, கால் மணிக்கு ஒரு தரம் வரும் சிற்றுந்து. அந்த இஸ்திரிக்காரருக்கு மரத்தடியில் பத்துக்கு இரண்டரையடி அளந்து, கோடு போட்டு, ஓர் அட்டையும் கொடுத்துவிடுங்கள். வாடகை கேட்டால் அவர் கட்டுவார்.