வேலையை விடாமலும் திறமை வளரும்

திறமையை முழுமையாகப் பயன்படுத்த விரும்புகிறவர் இருக்கும் வேலையை முதலில் விட்டுவிட வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. திருவாவடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்யும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஒரே தொழிலில்தான் இருக்கின்றன. முன்பு வழக்கத்திலிருந்த, நீளம் குறைந்த திமிரி நாதஸ்வரத்தில் சுத்த மத்தியமம் என்ற சுரம் சரியாக எழாத குறையை உணர்ந்த நாதஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக, அவ்வூர் ரங்கநாதன் ஆசாரி கருவியின் அமைப்பையே மாற்றி, இன்றைய நீளமான பாரி நாதஸ்வரத்துக்கு வடிவம் தந்தார். வாசிப்பவரின் செவியும் கடைபவரின் கையும் ஒன்றையொன்று மதித்ததால் விளைந்த கருவி அது. 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

எல்லோருக்கும் அப்படி மதிக்கும் ஒருவர் வாய்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். குத்தாலம் பக்கத்தில் சிறு விவசாயியாக இருந்த என் பெரியப்பா, வயலில் நிற்கும் தண்ணீரைப் பார்த்தே எந்த மூலை மேடு, எந்த மூலை பள்ளம் என்று சொல்லிவிடுவார். நடவுக்கு முன் பரம்படித்து வயலைச் சமன்செய்யும்போது அண்டை வயல்காரர்கள் அவரை அழைத்துக் காட்டுவார்கள். ஆனால் ஊர் வாய்க்காலைத் தூர்வாரி மட்டம் பார்க்க வந்தவர்கள் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அந்த ஆண்டு வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் ஏறவே இல்லை. இருக்கும் இடத்திலேயே கேட்கப்படாமல் போகும் இத்தகைய திறமைகளைப் பற்றியும் கட்டுரையாளர் எழுத வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.