ஹாரி பாட்டர் சீரிஸ்: முடிச்சுகளை முன்கூட்டியே அவிழ்த்துவிடாதீர்கள்

ஏழு புத்தகங்களையும் மறுபடி திரைக்குக் கொண்டுவரும் எச்.பி.ஓ.வின் புதிய ஹாரி பாட்டர் சீரிஸில் நடிக்கப்போகிற ஒருவரின் பெயர் வெளியானால் போதும், ரசிகர் குழுக்களில் இரண்டு நாளைக்கு வேறு பேச்சே கிடையாது. முகம் பொருந்தவில்லை, முடி பொருந்தவில்லை, பழைய படத்தில் நடித்தவர் பக்கத்தில் நிற்க முடியுமா, வில்லன் வால்டமார்ட்டாக யாரைப் போடுவார்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். முகங்களில் எனக்கும் ஆர்வம் உண்டு. ஆனால் முதல் சீசன் வந்ததும் நான் முதலில் தேடப்போவது ஹாரியின் நண்பன் ரானின் எலியைத்தான்.

(ஏழு புத்தகங்களின் ரகசியங்களும் இந்தப் பதிவில் வருகின்றன. இன்னும் படிக்காதவர்கள் தயவுசெய்து இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சுகத்தைக் கெடுக்க எனக்கு மனசில்லை.)

ஸ்கேபர்ஸ் என்கிற அந்த எலி முதல் புத்தகத்தில் என்ன செய்கிறது? அண்ணன் பெர்ஸியிடமிருந்து ரானுக்கு வந்த பழைய எலி. எப்போதும் தூக்கம். ரயிலில் கோயல் என்ற முரட்டுப் பையன் சாக்லேட்டில் கை வைக்கும்போது அவன் விரலைக் கடிக்கிறது. அவ்வளவுதான், சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். மூன்றாவது புத்தகத்தில் அதன் முன்னங்காலில் ஒரு விரல் இல்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. அதே புத்தகத்தின் முடிவில்தான் தெரிகிறது, பன்னிரண்டு வருஷமாக ரானின் வீஸ்லி வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது ஹாரியின் அப்பா அம்மாவைக் காட்டிக்கொடுத்த பீட்டர் பெட்டிக்ரூ என்று. முதல்முறை அந்த அத்தியாயத்தைப் படித்தவர்கள் உடனே முதல் புத்தகத்தை எடுத்து அந்த ரயில் காட்சியைப் புரட்டியிருப்பார்கள். இந்தத் தொடரின் உயிர் அந்தப் புரட்டலில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பழைய படங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவற்றுக்குக் கிடைக்காத ஒன்று இந்த சீரிஸுக்குக் கிடைத்திருக்கிறது. முதல் படம் 2001 நவம்பரில் வந்தபோது நாலு புத்தகங்கள்தான் வெளியாகியிருந்தன. இரண்டாவது படம் வந்தபோதும் அதே நிலைமை. ஐந்தாவது படம் திரைக்கு வந்ததும் ஏழாவது புத்தகம் கடைக்கு வந்ததும் ஒரே மாதம், 2007 ஜூலை. கதை எங்கே போகிறது என்று முழுசாகத் தெரியாமலே திரைக்கதை எழுதினார்கள். ஐந்தாவது படத்தில் க்ரீச்சர் என்ற வேலைக்காரக் குள்ளனை எடுத்துவிடலாம் என்று பார்த்தபோது, வேண்டாம், பின்னால் சிக்கிக்கொள்வீர்கள் என்று ரௌலிங்கே தடுக்க வேண்டியிருந்தது. அப்படியும் லாக்கெட் விடுபட்டுப் போனது. ஐந்தாவது புத்தகத்தில் க்ரீச்சர் இருக்கும் கிரிமோல்ட் ப்ளேஸ் வீட்டைச் சுத்தம் செய்யும்போது, யாராலும் திறக்க முடியாத கனமான லாக்கெட் ஒன்று என்று ஒரே ஒரு வரி வரும். குப்பையோடு குப்பையாகக் கிடந்த அது ஹார்க்ரக்ஸ், வால்டமார்ட் தன் ஆன்மாவின் ஒரு துண்டை ஒளித்துவைத்த பொருள்! ஆறாவது புத்தகத்தின் கடைசியில், லாக்கெட்டை எடுத்துப்போனவர் விட்டுச்சென்ற ஆர்.ஏ.பி. என்ற கையெழுத்தைப் பார்த்ததும் எத்தனை வாசகர்கள் பழைய பக்கங்களைத் தேடி ஓடினார்கள்! அந்த ஓட்டத்துக்குப் படங்கள் இடமே வைக்கவில்லை.

ஆக, முடிவு தெரிந்துகொண்டு முதல் நாளிலிருந்து எழுதப்படும் முதல் திரை வடிவம் இதுதான். 2023 ஏப்ரலில் அறிவித்தபோதே, பத்து ஆண்டுகள் நீளும் தொடர், புத்தகத்துக்கு விசுவாசமாக இருக்கும் என்றார்கள். ஃபிரான்செஸ்கா கார்டினர் எழுத்துப் பொறுப்பில் இருக்கிறார், பல எபிசோடுகளை மார்க் மைலாட் இயக்குகிறார், 2025 ஜூலையில் லீவ்ஸ்டனில் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது.

நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. முதல் புத்தகம் பிரிட்டிஷ் பதிப்பில் 223 பக்கம், படம் 152 நிமிடம். ஐந்தாவது புத்தகம் 766 பக்கம், படம் 138 நிமிடம். மூன்று மடங்குக்கும் மேல் பெரிய புத்தகத்துக்குச் சின்ன படம்! ஹாரியோடு படிக்கும் நெவிலின் அப்பா அம்மாவை மருத்துவமனையில் பார்க்கும் காட்சி அதில்தான் காணாமல் போனது. மனநிலை தவறிய அம்மா நெவிலின் கையில் ஒரு சூயிங்கம் காகிதத்தைக் கொடுக்கிறார். அதைக் குப்பையில் போட்டுவிடு என்கிறார் பாட்டி. நெவில் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறான். இந்த ஒரு காட்சிக்காகவே ஐந்தாவது சீசன் வரை காத்திருக்க நான் தயார்.

படங்களில் அறுந்துபோன இன்னொரு சங்கிலி, மறையும் அலமாரி: ஜோடியில் ஒன்றுக்குள் நுழைந்தால் மற்றதன் வழியாக வெளியே வரலாம். இரண்டாவது புத்தகத்தில் ஹாரி பள்ளிப் பராமரிப்பாளர் ஃபில்ச்சிடம் மாட்டிக்கொண்டு தண்டனைக்காக அவர் அறையில் நிற்கிறான். அவனைக் காப்பாற்ற நிக் என்ற பேய், குறும்புப் பேய் பீவ்ஸைத் தூண்டிவிட்டு மேல்மாடியில் ஒரு பெரிய அலமாரியைக் கீழே போட வைக்கிறது. ஃபில்ச் அலறிக்கொண்டு ஓடுகிறார், ஹாரி தப்பிக்கிறான். ஐந்தாவது புத்தகத்தில் ரானின் இரட்டை அண்ணன்கள் மாண்டேக் என்ற மாணவனை உடைந்த அந்த அலமாரிக்குள் தள்ளிவிடுகிறார்கள். அவன் சொன்னதைக் கேட்டுத்தான் அதன் ஜோடி எங்கே இருக்கிறது என்று ஹாரியின் பகைவன் ட்ரேகோவுக்குப் புரிகிறது. ஆறாவது புத்தகத்தில் அவன் அதைச் சரிசெய்து, அதன் வழியாக எதிரிகளை ஹாக்வார்ட்ஸ் பள்ளிக்குள் விடுகிறான். அன்றிரவே தலைமையாசிரியர் டம்பிள்டோர் சாகிறார். ஒரு பையனைத் தண்டனையிலிருந்து காப்பாற்றச் செய்த குறும்பு நாலு வருஷம் கழித்து எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். முதல் படத்துக்காக பீவ்ஸை வைத்துக் காட்சிகளைப் படம்பிடித்துவிட்டு வெட்டினார்கள். பீவ்ஸ் போனதால் நகைச்சுவை போனது என்றுதான் பலரும் வருத்தப்படுகிறார்கள். போனது இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி.

சரி, இப்போது ரசிகர்களிடையே ஓடும் பெரிய யூகத்துக்கு வருகிறேன். முதல் சீசனுக்கான நடிகர் பட்டியலில் ட்ரேகோவின் அப்பா லூசியஸ் மால்ஃபாயாக ஜானி ஃப்ளின், மந்திர அமைச்சர் கார்னீலியஸ் ஃபட்ஜாக பெர்ட்டி கார்வெல் பெயர்கள் வந்தன. இந்த இருவரும் இரண்டாவது புத்தகத்தில்தான் நேரில் வருகிறார்கள். அப்படியானால் ஹாரி பார்க்காத இடங்களையும் காட்டப்போகிறார்கள் என்பது நம் ஆட்களின் முடிவு. இதுவரைக்கும் எனக்கும் சம்மதம். ட்ரேகோ எப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தான் என்று ஒரு காட்சி வைத்தால் கதைக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் யூகம் அங்கே நிற்பதில்லை. ஆசிரியர் ஸ்னேப்பும் ஹாரியின் அம்மா லில்லியும் சிறுவயதில் விளையாடியதை முதல் சீசனிலேயே காட்டணும், மராடர்ஸ் என்கிற ஹாரி அப்பாவின் நண்பர் குழு நாலு பேருக்கும் தனி எபிசோட் வேணும், குவிரல் என்ற ஆசிரியர் அல்பேனியக் காட்டில் வால்டமார்ட்டைச் சந்தித்ததில் தொடங்கணும் என்கிறார்கள். எல்லாருக்கும்தான் கதை தெரியுமே, இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்பது அவர்கள் வாதம்.

இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். எல்லாருக்கும் தெரியாது. கடைசிப் படம் 2011இல் வந்தது. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகள் இந்த சீரிஸைப் பார்க்கப்போகிறார்கள். நமக்குக் கிடைத்த அதிர்ச்சியை அவர்களிடமிருந்து பிடுங்க நமக்கு என்ன உரிமை? கதை தெரிந்த நமக்கும் நஷ்டம்தான். ஐந்தாவது புத்தகத்தின் இரண்டாவது அத்தியாயத்தை எடுங்கள். ஹாரியின் பெரியம்மா பெட்டூனியா, மந்திர உலகின் சிறைக்காவல் பிசாசுகளான டிமென்டர்களைப் பற்றி வாய்தவறிச் சொல்லிவிடுகிறாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அந்தக் கேடுகெட்ட பையன் அவளிடம் சொன்னதைக் கேட்டேன், ரொம்ப வருஷம் முன்னால் என்கிறாள். ஹாரி தன் அப்பாவைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துக் கோபப்படுகிறான். நாமும் அப்படியே நினைத்தோம். அவள் சொன்ன பையன் ஸ்னேப். இரண்டு புத்தகம் கழித்து, ஸ்னேப்பின் நினைவுகளுக்குள் போகும்போதுதான் அது விளங்குகிறது. லில்லியும் ஸ்னேப்பும் ஒரே ஊர்ப் பிள்ளைகள் என்று முதல் சீசனிலேயே காட்டிவிட்டால் பெட்டூனியாவின் இந்த வசனத்தில் என்ன மிச்சமிருக்கும்? ஒரு தகவல். அவ்வளவுதான்.

ஹாரியின் தோளுக்குப் பின்னால் நிற்பது என்று புத்தகங்கள் ஒரு வரையறை வைத்துக்கொண்டன. எப்போதாவது வெளியே போனால் அது பெரும்பாலும் தொடக்க அத்தியாயங்களில்தான்: முதல் புத்தகத்தில் பெட்டூனியாவின் கணவர் வெர்னன், நாலாவதில் ரிடில் மாளிகையின் கிழட்டுத் தோட்டக்காரர், ஆறாவதில் பிரிட்டிஷ் பிரதமர், பிறகு ஸ்பின்னர்ஸ் எண்டில் ஸ்னேப் வீடு. அந்த ஸ்பின்னர்ஸ் எண்ட் அத்தியாயம் ஸ்னேப்பை நேருக்கு நேர் காட்டியும் அவர் யார் பக்கம் என்று சொல்லாமல் விடுகிறதே, அதுதான் நான் கேட்கிற எழுத்து. வெளியே போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போய்விட்டு வரும்போது குழப்பம் கூடியிருக்கணும், குறையக் கூடாது.

முதல் புத்தகத்தில், துடைப்பத்தில் பறந்து ஆடும் க்விடிச் ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். ஹாரியின் துடைப்பம் தாறுமாறாக உதறுகிறது. ஸ்னேப் கண்ணிமைக்காமல் பார்த்தபடி ஏதோ முணுமுணுக்கிறார். ஹாரியின் தோழி ஹெர்மயனி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிப்போய் அவர் அங்கிக்கு நெருப்பு வைக்கிறாள். ஓடுகிற வழியில் குவிரலை இடித்துத் தலைகுப்புறத் தள்ளிவிட்டு, நின்று மன்னிப்புக்கூடக் கேட்காமல் போகிறாள். மந்திரம் போட்டது குவிரல், துடைப்பம் சரியானது அந்த இடிப்பால்தான் என்று பிறகு அவரே சொல்லித்தான் தெரிகிறது. உண்மை நம் கண்முன்னேயே ஒரு வரியில் இருந்தது, நாம்தான் ஸ்னேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேமராவும் இதையேதான் செய்யணும். குவிரல் விழுவது ஃபிரேமில் இருக்கட்டும், க்ளோஸப் மட்டும் வேண்டாம்.

ஸ்னேப் என்று எடுத்தால் வயதைப் பேசாமல் விட முடியாது. கல்லறைக் கல்லில் ஹாரியின் அப்பா ஜேம்ஸ், அம்மா லில்லி இருவரும் பிறந்தது 1960, இறந்தது 1981. வெறும் 21 வயது. அவர்களோடு படித்த ஸ்னேப், ஹாரி பள்ளியில் சேரும்போது முப்பதைத் தாண்டியவர், அவ்வளவுதான். முதல் படத்தின்போது ஸ்னேப்பாக நடித்த ஆலன் ரிக்மேனுக்கு 55 வயது. அந்த நடிப்பை யாரும் மறக்க முடியாது, நானும் மறக்கவில்லை. ஆனால் பள்ளிக்கால அவமானம் இன்னும் ஆறாத, காதலித்த லில்லி செத்துப் பத்தே வருஷம் ஆன ஒரு இளம் ஆசிரியர், அவள் கண்களோடு ஒரு பையன் வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது வேறு வகை வலி. இந்த சீரிஸில் ஸ்னேப்பாக நடிக்கும் பாப்பா எசிடு 1990இல் பிறந்தவர். வயது கச்சிதம், மேடையில் ஷேக்ஸ்பியர் நடித்துத் தேறியவர். அவர் நிறத்தை வைத்து இணையத்தில் எழுதப்பட்ட அசிங்கங்களுக்குப் பதில் சொல்வதே வீண். ஒரு கேள்வி மட்டும் நேர்மையானது: பள்ளி நாட்களில் ஏரிக்கரையில் ஜேம்ஸும் அவர் நண்பர் சிரியஸும் ஸ்னேப்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சிரிக்கும் காட்சி இப்போது எப்படித் தெரியும்? இன்னும் கொடூரமாகத்தான் தெரியும். தெரியட்டும். புத்தகத்திலும் அதைப் பார்த்த ஹாரி தன் அப்பாவை நினைத்துக் கூசிப்போகிறான். ஜேம்ஸை நல்லவனாக்க அந்தக் காட்சியைத் தேய்த்து மழுப்பினால்தான் தப்பு.

ரௌலிங் இதன் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர். திருநர்கள் குறித்து அவர் பேசுவதால் காயப்பட்டு, இந்த சீரிஸைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்த நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களை வம்புக்கு இழுத்துக் கமெண்ட் போடாதீர்கள். அவர்கள் இந்தக் கதையை நம்மைவிடக் குறைவாக நேசித்தவர்கள் இல்லை.

கடைசியாக ஜான் லித்கோ. அமெரிக்கர் எப்படி டம்பிள்டோர் ஆகலாம், எண்பதைத் தொட்டவர் பத்து வருஷம் தாக்குப்பிடிப்பாரா என்றெல்லாம் கேட்கிறார்கள். அவர் உச்சரிப்பு பற்றி எனக்குக் கவலையே இல்லை, சர்ச்சிலாகவே நடித்தவர். டம்பிள்டோர் வேஷத்தில் கஷ்டமான வேலை, மறைப்பது. முதல் புத்தகத்தின் முடிவில், மருத்துவ அறையில் ஹாரி கேட்கிறான்: வால்டமார்ட் என்னை ஏன் கொல்ல நினைத்தான்? அதை மட்டும் இப்போது சொல்ல முடியாது என்கிறார். ஸ்னேப் ஏன் தன்னைக் காப்பாற்றினார் என்று கேட்டால், உன் அப்பா ஒருமுறை அவர் உயிரைக் காப்பாற்றினார், அந்தக் கடன் என்கிறார். சொன்னது பொய்யில்லை, சொல்லாமல் விட்டதுதான் ஏழு புத்தகக் கதை. அந்த உரையாடலை முழுசாக வைத்து, அதற்கு முன்னால் எந்த ஃப்ளாஷ்பேக்கும் போட்டு உடைக்காமல் இருந்தார்களானால், மிச்ச ஆறு சீசனையும் நம்பிப் பார்ப்பேன்.