பதிவேட்டு எண்ணை உயிரோடு இருக்கும் எண்ணிக்கையாக எடுக்கக் கூடாது

குட்டைத் தும்பிக்கை போன்ற மூக்குள்ள டேப்பிர் என்ற விலங்கைப் பற்றி மேலே ஒருவர், "டேப்பிர் பதிவேட்டில் வரிசை எண் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள், உயிரியல் பூங்காக்களில் அத்தனை இருக்கும்போது அழியும் பயம் எதற்கு?" என்று எழுதியிருக்கிறார். அங்கேதான் தவறு. ஸ்டட்புக் என்கிற வம்சாவளிப் பதிவேட்டில் ஒரு விலங்குக்குக் கொடுத்த எண்ணை அது செத்த பிறகும் வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை. பிறந்த சில நாளில் இறந்த குட்டிக்கும் அதில் இடம் உண்டு. ஆகவே கடைசி எண் என்பது இதுவரை பதிவானவற்றின் கணக்கு. இன்று எத்தனை இருக்கின்றன என்று தெரிய, இறந்தவற்றையும், பதிவேட்டின் வரம்பை விட்டு வெளியே போனவற்றையும் கழித்து, எந்தத் தேதி நிலவரம் என்றும் பார்க்க வேண்டும்.

அப்புறம், டேப்பிர் என்பது ஒரே இனம் இல்லை. மலாயா, தாழ்நில, பேர்ட், மலை என நான்கு இனங்கள். பூங்காக்களில் அதிகம் தென்படுவது மலாயாவும் தாழ்நில வகையும்தான். மலை டேப்பிர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. நான்கையும் கூட்டிச் சொன்னால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

தலை எண்ணிக்கை மட்டும் போதாது என்பதும் உண்டு. எல்லாம் ஒருசில மூதாதையரின் வழிவந்தவை என்றால், ஐம்பது இருந்தாலும் மரபணு வளம் குறைவுதான். யாரை யாரோடு சேர்ப்பது என்று முடிவு செய்யத்தான் தாய், தந்தை விவரத்தைப் பதிகிறார்கள். கர்ப்பகாலம் சுமார் 13 மாதம், பெரும்பாலும் ஒரே குட்டி. குறைந்தால் சட்டென்று ஈடுகட்ட முடியாது.